“ராவு நித்திரையே இல்ல” என்று ஒருவர் சொன்னால், அடுத்து என்ன கேட்பது?

கேள்வி: எனக்கு 31 வயது. மட்டக்களப்பிலிருந்து வேலைக்காக வந்து கொழும்பில் நாலு வருடமாகிறது. வெள்ளவத்தையில் வேறு இரண்டு பெண்களுடன் ஒரு பிளாட்டில் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஆட்களோடு கதைக்கிறேன். ஆனால் எல்லாக் கதையும் சாப்பாடு, டிரஃபிக், மழை என்பதோடு முடிந்துவிடுகிறது. அம்மாவுடன் தினமும் போன் கதைத்தாலும் ஐந்து நிமிடத்தில் கதைக்க ஒன்றும் இருக்காது. பக்கத்து மேசை அக்கா ஒரு நாள், “ராவு நித்திரையே இல்ல, மகனுக்குக் காய்ச்சல்” என்றார். “பனடோல் குடுத்தீங்களா?” என்று கேட்டேன், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள், நெருக்கத்தை உண்டாக்கும் கேள்விகள் என்று போனில் பார்த்த பட்டியலிலிருந்து, பகல் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம், “உங்களுக்கு வாழ்க்கையில ஆகப் பெரிய பயம் என்ன?” என்று கேட்டேன். அவர் சிரித்தபடி, “ஏன், என்ன நடந்தது?” என்றார். நான் “ஒண்டுமில்ல” என்றேன். அவர் எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். அதன் பிறகு இருவருக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது. சிங்களத் தோழி ஒருவரும் இருக்கிறார். ஆனால் என் சிங்களத்தில் இரண்டு வசனத்துக்கு மேல் கதை ஓடாது. எனக்கு மனம் விட்டுக் கதைக்க வராதா?
— வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை வருத்துவது பயத்தைப் பற்றிக் கேட்ட அந்தச் சாப்பாட்டு நேரம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மகனின் காய்ச்சல். அன்று அந்த அக்கா தானாகவே ஒரு கதையைத் தொடங்கினார். நீங்கள் அதைப் பனடோலோடு முடித்துவிட்டீர்கள். மனம் விட்டுக் கதைப்பது பெரிய கேள்விகளால் வருவதில்லை. மற்றவர் போகிற போக்கில் சொன்ன ஒன்றைத் தவறவிடாமல், அதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பதால் வருகிறது. இது பழகிக்கொள்ளக்கூடிய ஒரு வேலை. ‘வராது’ என்று ஒன்றும் இல்லை.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். இப்படிப் பகிரப்படும் பல பட்டியல்களுக்கு மூலம், ஆர்தர் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வு. முன்பின் அறியாத இருவரை இருத்தி, 36 கேள்விகளை மூன்று தொகுதிகளாகக் கொடுத்து, 45 நிமிடம் கதைக்கவிட்டார்கள். வெறும் அரட்டைக் கேள்விகளோடு கதைத்தவர்களைவிட இவர்கள் ஒருவரோடு ஒருவர் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள். பட்டியல் பரவிய அளவுக்கு அதன் நிபந்தனைகள் பரவவில்லை. இருவரும் சம்மதித்து வந்தவர்கள். கேள்விகள் லேசாகத் தொடங்கிப் படிப்படியாகத்தான் கனத்தன. ஒவ்வொரு கேள்விக்கும் இருவருமே பதில் சொன்னார்கள். உங்கள் சாப்பாட்டு மேசையில் இந்த மூன்றுமே இல்லை. முன்னறிவிப்பு இல்லை, கடைசிப் படியில் வைக்க வேண்டிய கேள்வி, நீங்கள் உங்கள் பயத்தைச் சொல்லவும் இல்லை. போதாததற்குப் பக்கத்தில் எத்தனையோ பேர்.

அதோடு, அவர் சொன்ன பதிலை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். “ஏன், என்ன நடந்தது?” நீங்கள் அதை விலகலாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது அக்கறையாகத்தான் கேட்கிறது. அமைதியான பிள்ளை திடீரென்று பயத்தைப் பற்றிக் கேட்கிறாள், ஏதோ நடந்திருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம். “ஒண்டுமில்ல” என்ற உங்கள் பதிலோடுதான் கதை நின்றது. ஆகவே இதைச் சரிசெய்வது கடினமில்லை. தேத்தண்ணி நேரத்தில் அவர் தனியாக இருக்கும்போது போய், “அக்கா, அண்டைக்கு நான் திடீரெண்டு அப்பிடிக் கேட்டனான். ஒண்டும் நடக்கேல்ல. உங்களோட கொஞ்சம் கதைப்பம் எண்டு நினைச்சன், கேக்கத் தெரியேல்ல. மகனுக்கு இப்ப எப்பிடி?” என்று சொன்னால் போதும். நீண்ட மன்னிப்பு வேண்டாம். அது அவரை ஆறுதல் சொல்லும் வேலைக்குத் தள்ளிவிடும்.

இனி அந்தக் காய்ச்சல். “ராவு நித்திரையே இல்ல” என்பது அவரைப் பற்றிய செய்தி. “மகனுக்குக் காய்ச்சல்” என்பது அதற்கான காரணம். நீங்கள் காரணத்துக்குப் பதில் சொன்னீர்கள், ஆளுக்குச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் தாய்க்குப் பனடோலை நினைவூட்டத் தேவையில்லை. விடிய விடிய முழித்திருந்துவிட்டு வேலைக்கு வந்திருப்பதை யாராவது கவனிக்க வேண்டும் என்பதுதான் அந்த வசனத்துக்குள் இருந்தது. அன்று கதை இப்படிப் போயிருக்கலாம் (அக்காவின் பதில்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை):

“ராவு நித்திரையே இல்ல, மகனுக்குக் காய்ச்சல்.”

“ஐயோ. ராவு எப்பிடிச் சமாளிச்சீங்கள்?”

“என்ன செய்யிறது, துணி நனைச்சு ஒத்திக்கொண்டு இருந்தன். அவரும் இல்லைத்தானே, கட்டாரில.”

“ம்ம்… அவருக்குச் சொன்னீங்களா?”

“இல்ல. சொன்னா அங்க இருந்து பயப்படுவார். ஒண்டும் செய்யவும் ஏலாது.”

“அப்ப இப்பிடியான நேரத்தில ஆரிட்டச் சொல்லுவீங்கள்?”

மூன்றே கேள்விகள். எதுவும் பட்டியலில் இருந்து வந்ததில்லை. ஒவ்வொன்றும் அவர் சற்றுமுன் சொன்ன சொல்லிலிருந்து எடுத்தது. நீங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டது எதுவோ, அதன் பதில் இங்கே தானாக வந்துகொண்டிருக்கிறது. இந்த அக்காவின் பயம், புருஷன் தூரத்தில் இருக்கும்போது பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமோ என்பது. பயம் என்ற சொல்லை நீங்கள் வாயால் எடுக்கவே தேவையில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது. கேள்வி கேட்பவர்களை ஆட்களுக்குப் பிடிக்கிறது. அதிலும் சொன்னதைத் தொடர்ந்து கேட்கும் கேள்விகளுக்குத்தான் அந்தப் பலன் முக்கியமாக வருகிறது. காரணம் எளிது. முன்பே யோசித்து வைத்த கேள்வியைக் கேட்க, மற்றவர் சொல்வதைக் கேட்கவே தேவையில்லை. தொடர் கேள்வியைக் காதில் வாங்காமல் கேட்க முடியாது. கேட்கப்பட்டவருக்கு அது உடனே விளங்கும்.

ஒருவர் சொன்னதில் எதைப் பிடிப்பது? சில அடையாளங்கள் இருக்கின்றன. “இப்பெல்லாம்”, “முந்தி எண்டா”, “இந்த முறை” என்று வந்தால், அவர் வாழ்க்கையில் ஏதோ மாறியிருக்கிறது. தேவையில்லாத இடத்தில் ஒருவரின் பெயர் வந்தால் (“அவரும் இல்லைத்தானே”) அந்த ஆள் மனதில் இருக்கிறார். பாதியில் நின்று “பரவாயில்ல” என்று முடித்தால், அந்தப் பாதிக்குள் ஏதோ இருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால், ஆட்கள் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

“ஏன்?” என்று தொடங்கும் கேள்விகளைக் குறையுங்கள். “ஏன் அவருக்குச் சொல்லேல்ல?” என்றால் அது குற்றம் பிடிப்பதுபோல் ஒலிக்கும். கேட்கப்பட்டவர் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார். “சொன்னா என்ன செய்வார்?” என்று கேட்டால் அதே பதில் நோகாமல் வரும். “எப்பிடி”, “என்ன”, “எப்ப இருந்து” ஆகிய மூன்றும் போதும்.

கேட்டபின் பொறுங்கள். இதில்தான் ஆகக் கூடுதலான பேர் தவறுகிறார்கள். பத்து மொழிகளில் ஆட்கள் கதைப்பதை ஒப்பிட்டு 2009 இல் வெளியான ஒரு ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக விழும் இடைவெளி ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருந்தது. அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு மூன்று செக்கன் மௌனம் மிக நீளமாகத் தெரியும். பதறிப்போய் நாமே நிரப்பிவிடுவோம். ஆனால் மனதிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டிய பதிலுக்கு அந்த நேரம் தேவை. மனதுக்குள் நாலு வரை எண்ணுங்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தையே உற்றுப் பார்க்காமல், கோப்பையையோ ஜன்னலையோ பாருங்கள்.

இன்னொரு பழக்கம், பேச்சை நம் பக்கம் இழுப்பது. “எனக்கும் போன கிழமை காய்ச்சல், எழும்பவே ஏலாமக் கிடந்தன்” என்று தொடங்கினால், கதை இனி உங்களுடையது. அனுதாபமாகத்தான் சொல்கிறோம். ஆனால் மற்றவர் பாதியிலேயே கதையை மடித்து வைத்துவிடுவார். உங்கள் அனுபவத்தைச் சொல்லவே கூடாது என்பதில்லை. ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு அவரிடமே திரும்புங்கள்: “எனக்கும் வந்தது, ராவில தான் கூட. மகனுக்கும் அப்பிடியா?”

அதே நேரம், கேட்டுக்கொண்டே இருந்தாலும் பிழையாகிவிடும். தொடர்ந்து நாலு, ஐந்து கேள்வி கேட்டு உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், அது விசாரணை. நம்முடைய நாட்டில் விசாரணை என்றால் ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு, மூன்று கேள்விக்கு ஒரு முறை உங்களுடையதில் ஒரு துண்டைக் கொடுங்கள். மூன்று, நாலு வசனம் போதும். உதாரணமாக: “எனக்கு ஞாயிறு பின்னேரம் வந்தாத்தான் வீட்டு ஞாபகம் வாறது. றூமில இருக்க ஏலாம மரைன் டிரைவால நடப்பன். எல்லாரும் குடும்பமா வருவினம், அதைப் பாத்தா இன்னும் கூடும்.” அளவு இதுதான். உண்மையாக இருக்க வேண்டும், கேட்பவர் உங்களைக் காப்பாற்ற ஓடிவர வேண்டிய அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். மற்றவரும் தன்னுடையதில் ஒன்றைச் சொன்னால், அது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றினால், அன்றைக்கு அந்தப் படியிலேயே நின்றுவிடுங்கள். அறிமுகமான இரண்டாம் நாளே குடும்பச் சண்டை முழுவதையும் கொட்டுவதும் நெருக்கத்தைக் கெடுக்கும். மற்றவருக்குத் தானும் அதே அளவு சொல்ல வேண்டுமே என்ற பாரம் வந்துவிடும்.

நம் ஆட்களோடு கதைக்கும்போது பார்த்துக் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. “ஊர் எது?” என்பதில் பிழையில்லை. “ஊரில எவடம்? எந்தக் கோயிலடி?” என்று அது நீளும்போது, கேட்கப்படுவது சாதி என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மலையகத்திலிருந்து வந்தவரிடம் “எந்தத் தோட்டம்?” என்று கேட்கும் தொனியிலும் அதே நோவு உண்டு. கலியாணம் எப்ப, பிள்ளை ஏன் இன்னும் இல்லை, வெளிநாட்டு அலுவல் சரிவந்ததா என்பவற்றை அவர்களாகத் தொடாமல் நீங்கள் தொட வேண்டாம். உங்கள் வயதில் இவற்றை நீங்களே எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்! அதற்குப் பதிலாக, “கொழும்புக்கு வந்த முதல் மாசம் எப்பிடி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். இந்த நகரத்துத் தமிழரில் வந்து குடியேறியவர்கள் ஏராளம். அந்த முதல் மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும், அதில் ஏற்ற இறக்கம் பார்க்கும் வேலையும் இல்லை. இங்கேயே பிறந்தவரிடம் “சின்னனில இந்தப் பக்கம் எப்பிடி இருந்தது?” என்று கேட்கலாம்.

அப்படிக் கேட்கும்போது கனமான பதிலும் வரலாம் என்று தெரிந்து கேளுங்கள். வெள்ளவத்தையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் சின்ன வயதுக்குள் 1983 ஜூலைக் கலவரம் இருக்கும். வன்னியிலிருந்து வந்தவரிடம் 2009 இன் இறுதிப் போர் இருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடைத் தேவாலயக் குண்டுவெடிப்பு. அவை வந்தால், யார் யார் செத்தார்கள், எப்படி, கண்ணால் பார்த்தீர்களா என்று விபரம் தோண்ட வேண்டாம். எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கட்டும். “நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். சொல்ல விருப்பமெண்டாச் சொல்லுங்கோ, இல்லாட்டி விடுவம்” என்பது போதும். எழும்புமுன் அவரை இன்றைய நாளுக்குக் கொண்டுவந்துவிட்டுப் போங்கள்: “இப்ப வீட்ட போய் என்ன செய்யப் போறீங்கள், ஆர் இருக்கினம்?” பேச்சில் “இருந்து என்ன பிரயோசனம்” என்ற மாதிரி ஏதும் வந்தால், நேராகக் கேளுங்கள்: “சாக வேணும் போல யோசினை வாறதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே அழையுங்கள்.

பாரமான கதைகளில் நாம் அவசரப்பட்டுச் சொல்லும் இரண்டு வசனங்கள்தான் கதையை முடித்துவைக்கின்றன. ஒன்று, “கவலைப்படாதீங்கோ, எல்லாம் சரிவரும்.” மற்றது, “நீங்கள் ஒண்டு செய்யுங்கோவன்…” என்று தொடங்கும் ஆலோசனை. முதலாவது ‘இதோடு நிப்பாட்டுங்கள்’ என்று சொல்கிறது. இரண்டாவது, அவர் ஏற்கெனவே பத்துத் தரம் யோசித்துத் தள்ளியதைத் திரும்பச் சொல்கிறது. ஆலோசனை சொல்லத் துடித்தால், “யோசினை சொல்லவா, இல்லாட்டிச் சும்மா கேக்கவா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தெரிவுசெய்வார்கள்.

துக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன், ஆனால் நல்ல செய்தியும் இதே அளவு முக்கியம். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். ஒருவரின் நல்ல செய்திக்கு நாம் எப்படி முகம் கொடுக்கிறோம் என்பது உறவின் நெருக்கத்தோடு வலுவாகத் தொடர்புபட்டது என்று அவரது ஆய்வுகள் காட்டின. நாவூறு படும் என்று நல்லதைச் சொல்லவே பின்னிற்கும் சமூகம் நம்முடையது. அப்படியிருந்தும் ஒருவர் உங்களிடம் வந்து, “மகனுக்கு ஸ்கொலர்ஷிப் கிடைச்சிருக்கு” என்று சொன்னால், அது நம்பிக்கை. “ஆ, நல்லது” என்று போனுக்குத் திரும்பினால் அந்த நம்பிக்கை அவிந்துபோகும். “இனிச் செலவும் கூடுமே” என்றால் இன்னும் மோசம். “எப்பத் தெரிய வந்தது? மகன் என்ன சொன்னவன்? முதல் ஆருக்குச் சொன்னீங்கள்?” ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்தச் சந்தோஷத்தை அவர் உங்கள் முன்னால் இன்னொரு தரம் அனுபவிப்பார்.

கேட்டதை வெளியே கொண்டுபோகாதீர்கள். கொழும்புத் தமிழ் வட்டம் சின்னது. அதே கோயில், அதே கலியாண மண்டபம், யாரோ ஒருவரின் மாமி இன்னொருவரின் பக்கத்து வீடு. திங்கட்கிழமை சொன்னது சனிக்கிழமை சுற்றிவரும். ஒருவர் நம்பிச் சொன்னதைப் பற்றி வட்ஸ்அப்பில் எழுதுவதையும் தவிருங்கள், அவருக்கே எழுதினாலும். போன் பிள்ளைகளின் கையிலும் இருக்கும்.

இடமும் நேரமும். அலுவலகச் சாப்பாட்டு மேசை இதற்கு ஏற்ற இடமில்லை. நேருக்கு நேர் இருந்து கதைப்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டு கதைப்பது அநேகருக்குச் சுலபம், ஏனென்றால் கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, மௌனமும் உறுத்தாது. உங்கள் இடத்திலிருந்து மரைன் டிரைவால் பம்பலப்பிட்டி வரை ஆறுதலாக நடக்க அரை மணித்தியாலம் அளவு போகும். ரயில் போகும்போது ஒன்றும் கேட்காது, அந்த இடத்தில் கதையை நிறுத்தி, போனதும் “என்ன சொன்னீங்கள்?” என்று அவர் சொன்ன கடைசிச் சொல்லை நினைவுபடுத்துங்கள். காலிமுகத்திடல் ஞாயிறு பின்னேரம் சனக்கூட்டம். கிழமை நாளில் போங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் இருவர் கண்ணும் அதற்குப் போகும்.

அவசரம் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணித்தியாலம் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது. நெருங்கிய நட்புக்கு 200 மணித்தியாலத்துக்கு மேல். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால், 50 மணித்தியாலத்துக்கே அரை வருடம் போகும். நாலு வருடமாக யாரும் நெருங்கவில்லை என்று எழுதும்போது, வேலைக்கு வெளியே ஒரே ஆளோடு எத்தனை மணித்தியாலம் இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே நிலையான ஒரு நேரத்தைப் பிடியுங்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாள் அதற்கு நல்லது. மாதா மாதம் வரும், அலுவலகம் இல்லை, ஞாபகப்படுத்தத் தேவையில்லை. “போயாவுக்குச் சேர்ந்து சமைப்பம்” என்பது “ஒரு நாளைக்குச் சந்திப்பம்” என்பதைவிட நடக்கக்கூடியது. புது முகங்கள் வேண்டுமென்றால், 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்கள் வெள்ளவத்தையிலேயே, 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்குப் போய்த் திரும்புவதில் பயனில்லை. ஒரே வகை நிகழ்ச்சிக்குத் தொடர்ந்து போனால்தான் ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள்.

அம்மாவின் அந்த ஐந்து நிமிடத்தை மாற்ற வேண்டாம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று அவர் பார்த்துக்கொள்ளும் நேரம் அது. வேறொரு அழைப்பைச் சேருங்கள். கிழமையில் ஒரு நாள், அவர் பகல் வேலையெல்லாம் முடித்து இருக்கும் நேரத்தில், அரை மணித்தியாலம். “உங்கட வாழ்க்கையில மறக்க ஏலாதது என்ன?” என்று கேட்டால், “என்ன இருக்கு மகள், ஒண்டுமில்ல” என்றுதான் வரும். கேள்வி சின்னதாக, ஒரு இடத்தையும் நாளையும் தொட வேண்டும்: “கலியாணம் முடிச்சு வந்த முதல் கிழமை அந்த வீட்டில ஆர் சமைச்சது?” பதில் வந்ததும் “மறுகா?” (பிறகு?) என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கும்போது, முடிந்துபோன, சின்ன ஒன்றிலிருந்து தொடங்குங்கள். முன்கூட்டியே, “அம்மா, இது முடிஞ்ச கதை, பயப்படாதீங்க, கேட்டாக் காணும்” என்று சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் கொழும்புக்கு வந்துவிடுவார்.

சிங்களத் தோழியிடம் உங்களுக்குப் பெரிய சொல்வளம் தேவையில்லை. தொடர் கேள்விகளுக்கு மிகக் குறைந்த மொழியே போதும். “ஈட்ட பஸ்ஸே மொகத உனே?” (பிறகு என்ன நடந்தது), “ஒயாட்ட கொஹொமத தெனுனே?” (உங்களுக்கு எப்படி இருந்தது), இந்த இரண்டோடு நீண்ட நேரம் போகலாம். விளங்காத சொல்லை விளங்கியமாதிரித் தலையாட்டிக் கடக்க வேண்டாம். அது எப்படியும் முகத்தில் தெரியும், அவரும் கதையைச் சுருக்கிவிடுவார். மறித்து அர்த்தம் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது தமிழும் சிங்களமும் கலந்து சொல்லுங்கள், பிழை வந்தாலும் வசனத்தை முடியுங்கள்.

தொடங்கப் பயமாக இருக்கிறது என்றால், அது உங்களுக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் 2021 இல் வெளியான ஆய்வுகளில், முன்பின் தெரியாதவரோடு மனதுக்கு நெருக்கமான விடயம் கதைப்பது, கதைக்கப் போகிறவர்கள் முன்கூட்டி நினைத்த அளவுக்கு உண்மையில் சங்கடமாக இருக்கவில்லை. மற்றவர் நம் கதையில் அக்கறை காட்டமாட்டார் என்று நாம் பிழையாகக் கணக்குப் போடுவதுதான் அதற்குப் பெரிய காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள்.

எல்லோரும் திருப்பிக் கதைக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆறு, ஏழு தரம் ஆறுதலாகக் கதைத்தும் ஒருவர் உங்களைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை, நீங்கள் சொன்னதில் ஒன்றையும் அடுத்த முறை நினைவில் வைத்திருக்கவில்லை என்றால், அவரோடு சாப்பாட்டு நேரக் கதை மட்டும் இருக்கட்டும். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. சிலருக்கு வேறு இடத்தில் ஆள் இருக்கும், சிலருக்கு இப்போது அதற்கு இடமில்லை. அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுங்கள். உங்கள் கடிதத்தில் பிளாட்டில் இருக்கும் இருவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு ஆகக் கிட்ட இருப்பவர்கள் அவர்கள்தான். இந்தக் கிழமை அவர்களில் யார் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது தானாக ஏதாவது சொல்கிறார் என்று கவனியுங்கள். அவர் என்ன சொன்னாலும் அதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு நாலு வரை எண்ணிக்கொண்டு இருங்கள்.